சிவந்த பாட்டில்

கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் அமோனியா குறைந்தால், அது குழாயின் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். மூன்று மாதமாகவே குறைவுதான். மின் நிலைய ஆய்வகத்தில் கெமிஸ்ட் ஜெசிந்தா அதை எழுதிக் காட்டினாள். “ஓடட்டும்மா, கரண்டுக்கு அவ்வளவு தேவை” என்றார் பொறியாளர். அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

இன்று எடுத்த தண்ணீர் பாட்டிலில் செந்நிறமாகத் தெரிந்தது. குழாய் அரித்த துரு; இனி அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அப்போது அவள் கணவன் சவரி தலையை நீட்டினான்.

“அந்தக் குழாய்ப் பக்கந்தான் எனக்கு டூட்டி. உன் தண்ணி சமத்தா இருக்கா?” கண்ணடித்துவிட்டு இரும்புப் படியில் ஏறினான்.

அவள் கட்டுப்பாட்டு அறைக்கு போன் செய்தாள்.

“யூனிட்ட நிறுத்துங்க.”

“கெமிஸ்ட் மேடமா? இன்ஜினியர் கையெழுத்து இல்லாம எப்படிம்மா?”

படியில் அவன் காலடி இன்னும் கேட்டது.

“சவரியோட பொண்டாட்டி பேசுறேன். நிறுத்துங்கண்ணே.”