பின்வாசல் குடம்

“குடத்தைக் கீழே வைக்கிறியா, இல்ல செக்யூரிட்டியைக் கூப்பிடவா?”

கஸ்தூரியம்மாளின் குரலுக்கு மைன்ஸ் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் நாலு ஜன்னல்கள் திறந்துகொண்டன. என்ஜினீயர் கோபாலகிருஷ்ணன் வீட்டுப் பின்வாசலில், இடுப்பில் நிறைகுடத்தோடு அகப்பட்டுக்கொண்டு நின்றவள் பக்கத்துக் கிராமத்துச் சின்னம்மாள்.

“வுடுங்கம்மா. அந்த வூட்டம்மாவையே கேட்டுக்குங்க. என்னை யாருகிட்டயும் பேசவாணாம்னு சொல்லிக்கிறாங்க.”

“திருடினவளுக்குப் பேச்சு வேறயா? எங்க தண்ணியில கை வைக்க நீ யாருடி?”

‘எங்க தண்ணி’ என்று சொன்னவள், குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு வந்து மூடுகிறவள்தான். போன மாதம்தான் திருந்தினாள். தண்ணீர்ப் பிரிவு அதிகாரியான கோபாலகிருஷ்ணன் கிளப்பில் கூட்டம் போட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனால்தான் இந்த நகரம் நாளைக்கும் நிற்கும் என்றார். நம் குழாய்த் தண்ணீருக்கு ஈடு எதுவுமில்லை என்றும் முழங்கினார். முன்வரிசையில் கை சிவக்கத் தட்டினாள் கஸ்தூரியம்மாள்.

பக்தி தண்ணீர் மேலில்லை. அவர் மகனுக்கு மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. இவள் மகள் விஜயகுமாரியின் ஜாதகம் அவர் வீட்டில் பதிலில்லாமல் கிடந்தது. திருட்டைப் பிடித்துக் கொடுத்தால் சம்பந்தம் தானாகக் கனியும் என்று கணக்குப் போட்டாள்.

அதற்காக ஒரு வாரம் ஜன்னல் திரைக்குப் பின்னால் தவம் கிடந்தாள். காலை ஷிப்ட் சங்கு ஊதியதும் சின்னம்மாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சு வாங்க வருவாள். திரும்பும்போது நிமிர்ந்து, கைவீசிப் போவாள். திருட்டுக் கொடுத்த தெம்பு என்று தீர்ப்பாகிவிட்டது. இன்றைக்குப் பால் பொங்கி வழிந்ததில் ஜன்னலுக்கு வரத் தாமதம். ஓடி வந்தபோது பின்வாசலில் நிறைகுடம்.

அதைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். சின்னம்மாள் வெறுங்குடத்தைப் பொறுக்கிக்கொண்டு நடந்தாள். என்ஜினீயர் வீட்டுக்குள்ளே பூஜை மணி மட்டும் விடாமல் அடித்தது.

அன்று மாலையே, வெளியாட்கள் குடத்தோடு குவார்ட்டர்ஸுக்குள் நுழையக் கூடாதென்று பத்துப் பேர் கையெழுத்தோடு மனு போனது. கோபாலகிருஷ்ணன் இரண்டு தடவை படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் கிளப்பில் முழங்கிய வாய். ஒப்புதல் போட்டுத் தொலைத்தார்.

மறுநாளே ஜாதகம் திரும்பி வந்தது.

ஆவணியில் அவர் மகனுக்குக் குள்ளஞ்சாவடியில் பெண் எடுத்தார்கள். ஓட்டு வீடு, எட்டாம் வகுப்புப் பெண். விஜயகுமாரி தர்மபுரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, தெருக்குழாய் வரிசையில் நிற்கப் போனாள்.

கஸ்தூரியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. என்ஜினீயர் மனைவி ஜானகியம்மாளை அவள் மகன் கல்யாணப் பந்தியிலேயே மடக்கினாள். அந்தப் பெண் வீட்டில் அப்படி என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்டாள்.

ஜானகியம்மாள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அவங்க வீட்டுக் கெணறுதான். சின்னம்மா தெனம் எங்களுக்குக் கொண்டாந்து ஊத்தின ஊர்க் கெணத்துத் தண்ணி நின்னதுலேர்ந்து, இவருக்குக் காபியே எறங்கல.”