கொலையைக் காணோம்

"கொலையையே காணோம்!"

சௌந்தரராஜன் புத்தகத்தை டீப்பாயின் மேல் விட்டெறிந்தார். கதாநாயகன் கத்தியை ஓங்கியதோடு ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. நடுவில் இருந்ததை யாரோ பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள்.

நீலாவதியின் பாலிகஞ்ச் ஃபிளாட்டில் கூடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் புத்தகத்தைக் கைமாற்றிப் பார்த்து உச்சுக் கொட்டின. தொண்ணூற்றேழில் கல்கத்தாவில் தமிழ் நாவல் வேண்டுமென்றால் யாராவது லீவில் ஊருக்குப் போய் ரயிலில் சுமந்து வர வேண்டும். வந்த புத்தகம் வீடு வீடாகச் சுற்றும். இப்படிக் குதறப்பட்டது இது முதல் தடவை அல்ல.

"அருவருப்பா இருக்கு. படிச்சவா பண்ற காரியமா இது?" என்றார் சௌந்தரராஜன். "எங்காத்துக்கு வரதுக்கு முன்னாடி இது யார் ஆத்துல இருந்தது?"

எல்லோரும் வசுமதியைப் பார்த்தார்கள். கணவருக்கு மாற்றலாகி அவள் இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துப்பறியும் நாவல்கள் அவளுக்கு ஆகாது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"எங்காத்துலதான் இருந்தது. ஆனா நான் பிரிக்கவே இல்லை" என்றாள் வசுமதி. "வெட்டு, குத்து எனக்கு வேண்டாம். கதையில ரெண்டு பேர் கோவிச்சுக்கணும், அப்புறம் ஒரு வாய் காப்பியில சமாதானமாகணும். படிச்சு மூடி வெச்சா நிம்மதியா தூக்கம் வரணும். அதுக்காக அடுத்தவா புக்கை வெட்டுவேனா?"

"பத்தியச் சாப்பாடு! உப்பும் இல்லை, காரமும் இல்லை." சௌந்தரராஜன் முகத்தைச் சுளித்தார். "நான் துறைமுகத்துல செக்யூரிட்டி ஆபீசர், மாமி. கங்கையில மிதந்து வர பொணத்தையெல்லாம் பக்கத்துல நின்னு கரையேத்தறவன். எனக்குக் கதைன்னா நரம்பு அதிரணும்."

பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்த நீலாவதி "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். விரலிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம் தட்டில் விழுந்தது.

"கர்மம்! யாராவது அதைத் துடைங்கோளேன்" என்று எரிந்து விழுந்துவிட்டு, சௌந்தரராஜன் பால்கனிக்குப் போய் டிராமைப் பார்த்துக்கொண்டு நின்றார். தட்டை எடுத்துப் போன பிறகுதான் உள்ளே வந்தார்.

வந்ததும் தீர்ப்புச் சொன்னார். "இனிமே இவா ஆத்துக்குப் புக் போக வேண்டாம்."

அவர் மனைவி சுலோசனா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு குனிந்துகொண்டாள்.

துர்கா பூஜைப் பந்தல்களைச் சுற்றிப் பார்க்க வசுமதியைக் கூடவே அழைத்துப் போனவர்கள் இவர்கள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்ல ஒரு வாய்கூடத் திறக்கவில்லையே.

அவள் எழுந்து, சுற்றுப் புத்தகங்கள் இருந்த நீலாவதியின் அலமாரியைத் திறந்தாள். சுற்றுக்கென்று தான் கொடுத்திருந்த நாவல்களை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"தாராளமா எடுத்துண்டு போங்கோ" என்றார் சௌந்தரராஜன். "அதைத் தொட இங்க ஆள் இல்லை."

அந்த வாரம் முழுவதும் வசுமதி யாரோடும் பேசவில்லை. கரியாஹாட் மார்க்கெட்டில் நீலாவதி எதிரே வந்தபோதுகூட, அழுகல் எதையோ மிதித்தவள் போல் ஒதுங்கி நடந்தாள்.

ஒரு மழைப் பிற்பகலில் அழைப்பு மணி அடித்தது. நனைந்த குடையோடு சுலோசனா நின்றிருந்தாள். வசுமதி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இன்னும் என்ன பழி பாக்கி?"

"ஒரு புக் வேணும், மாமி." சுலோசனா நிமிரவில்லை. "அடிதடி எதுவும் இல்லாததா. கடைசிப் பக்கத்துல எல்லாரும் உயிரோட இருக்கற மாதிரி."

வசுமதி கதவைச் சாத்தப் போனாள். "சீ! அன்னிக்கு என்னைத் திருடியாட்டம் நிக்க வெச்சேள். நீங்க வாயைத் திறக்கலை. இப்போ பத்தியச் சாப்பாடு கேக்கறதோ?"

"தப்புதான் மாமி. என்ன வேணா சொல்லுங்கோ, கேட்டுக்கறேன். ஆனா புக் இல்லாம போக மாட்டேன்."

"அப்படி என்ன உங்களுக்கு அவசரம்?"

"எனக்கு இல்லை, மாமி." சுலோசனாவின் குரல் உடைந்தது. "ராத்திரி லைட்டை அணைக்கவே பயந்துண்டு, ஹால்ல உக்காந்தே விடிய வைக்கறார்... அந்தப் பக்கத்தையெல்லாம் வெட்டின எங்காத்துக்காரர்."