குட்டை ஸ்பிரிங்

நன்றாக ஓடுகிற காரைத் தரையோடு ஒட்டவைப்பதில் ஒரு ஆண்பிள்ளைக்கு இத்தனை ஆனந்தமா? காபி டம்ளரோடு நின்ற கிருத்திகா மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

ஜாக்கியில் நின்ற புதுக் காரின் அடியிலிருந்து அருள்செல்வன் எழுந்து வந்தான். கழற்றிப்போட்ட பழைய ஸ்பிரிங்குகள் செம்பருத்திச் செடியோரம் கிடந்தன.

"குட்டை ஸ்பிரிங் மாட்டியாச்சு. ரெண்டு இஞ்ச் எறங்கிரும். வேலம்பாளையத்துலயே இப்படி ஒரு கார் கெடையாது, பாத்துக்க."

"வேகத்தடை இருக்குதுங்களே. அடி தட்டாதுங்களா?"

"சாய்ச்சு ஏத்தோணும். உனக்கு எங்க தெரியப்போகுது?"

தெரியவே வேண்டாம் என்று நினைத்தவள், "அப்பாவுக்கு முட்டி மடங்காதுங்க. இவ்வளவு குனிஞ்சு எப்படி ஏறுவாரு?" என்றாள்.

அவன் சிரித்தான். "அவரு எதுக்கு இதுல ஏறோணும்? டவுன் பஸ்ல படி ஒசரமாத்தான இருக்குது."

ஜாக்கியை இறக்கினான். கார் பொத்தென்று பணிந்து உட்கார்ந்தது. அவன் தள்ளி நின்று ரசித்தான்.

உள்ளேயிருந்து அப்பா போனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்க, வர்ற ஆவணியிலதானுங்க கல்யாணம். மண்டபத்துல வெச்சுத்தான் சாவி குடுக்கறதா இருந்தோம். மாப்பிள்ளைக்கு அதுவரைக்கும் பொறுக்கல. ஊட்டுக்கே வந்து என்னமோ மாத்தீட்டு இருக்கறாருங்க."

"சாவிய எடு கிருத்திகா. ஒரு ரவுண்டு போலாம் வா." அருள்செல்வன் கை நீட்டினான்.

சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

"பழைய ஸ்பிரிங்கையே மாட்டி வெச்சுட்டுப் போங்க. நான் வரலீங்க."

"ஒரு ரவுண்டுக்குக் கூடவா?"

"மண்டபத்துக்குங்க."