கைக்குள் ஒரு கை

“கையைப் புடிச்சுக்கோ கண்ணு, உள்ளே இருட்டா இருக்கும்.”

“வேணாம்.”

சிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆறு வயதுக்கு இந்த வீம்பு கொஞ்சம் அதிகம்தான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மீன் காட்சியகத்தின் வாசல் பெஞ்சிலிருந்து அவள் அம்மா கண்ணடித்தாள். “எனக்குக் கால் வலிக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் நிதானமா பார்த்துட்டு வாங்க.”

கால் வலியெல்லாம் சும்மா. சிட்டுவைப் பெற்றவர் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அவள் அம்மாவுக்கும் இவனுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னமும் சிட்டு இவனை அப்பா என்று கூப்பிட்டதில்லை. ‘இங்கே பாருங்க’, ‘அம்மா கூப்பிடுறாங்க’ என்று மொட்டையாகத்தான் பேச்சு. பொம்மை வாங்கிக் கொடுத்தான், கூடத்தில் குட்டிக்கரணம்கூடப் போட்டுக் காட்டினான். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் மனசு கிடந்து ஏங்கியது.

பென்குயின் அறை வாசலில் ஒரே கூட்டம். உள்ளே குளிர் வாட்டும் என்பதால் குழந்தைகளுக்கெல்லாம் குல்லா வைத்த நீலக் கோட்டு மாட்டிவிட்டார்கள். கடைசி வாசலில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். சிட்டுவுக்கு அவனே பொத்தான் போட்டுவிட்டான். குல்லா மூக்குவரை இறங்கியது.

“சரியா இருக்கா கண்ணு?”

அதற்குள் கதவு திறந்தது. பின்னாலிருந்து வந்த கூட்டம் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டது. இருட்டில் எங்கே பார்த்தாலும் நீலக் குல்லாக்கள்.

“சிட்டு! ஏ சிட்டு!” ஒவ்வொரு குல்லாவாகக் குனிந்து தேடினான்.

சில்லென்று ஒரு சின்னக் கை அவன் விரல்களுக்குள் நுழைந்தது.

“இங்கேதான் இருக்கேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. குளிரில் தொண்டை கட்டிக்கொண்டதோ என்னவோ, குரல் சற்றே கரகரத்தது. ஆனால் கையைத் தானாகவே பிடித்துக்கொண்டாளே! இனி என்ன ஆனாலும் விடுவதில்லை என்று அவனும் பிடித்துக்கொண்டான்.

பென்குயின்களைத் தாண்டினால் கண்ணாடிச் சுரங்கம். தலைக்கு மேலேயும் தண்ணீர், இரண்டு பக்கமும் தண்ணீர்.

“பயமா இருக்கா கண்ணு?”

“இல்லையே. உங்களுக்கு?”

“எனக்கா? லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன பயம்? லிஃப்ட் குழிக்குள்ளே இதைவிட இருட்டா இருக்கும்.”

“குழிக் கதை சொல்லுங்க.”

வீட்டில் அவன் கதை என்று வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறவள்! அவனுக்குத் தலைகால் புரியவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு மானேஜர், வெளியே ஆள் இருப்பது தெரியாமல் தன் முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டிய கதையைச் சொன்னான். அவள் கிளுகிளுவென்று சிரித்தாள்.

சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு கிழட்டு ஆமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிதந்து வந்தது.

“இது வந்தப்போ என் கை அளவுதான் இருந்துச்சு.”

“உனக்கு யார் சொன்னா?”

“நான்தான் பார்த்தேனே.”

அளந்து விடுவதில் அம்மாவையே மிஞ்சிவிடுவாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஆமை அவளைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிப் போயிற்று. அவர்கள் நின்ற இடத்திலிருந்து மீன்களும் ஒவ்வொன்றாக விலகி, மறுபக்கத்து மூலையில் போய் அடைந்துகொண்டன.

“உங்க கை எவ்வளவு சூடா இருக்குப்பா!”

அவன் நின்றுவிட்டான்.

“என்ன சொன்னே?”

“அப்பா. அப்பா. அப்பா.”

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பிள்ளை பார்த்துவிடப் போகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீனும் ஆமையும் எந்த மூலைக்குப் போனால் இவனுக்கென்ன?

“வெளியே போக வேணாம்ப்பா. இங்கேயே இருக்கலாம்.”

“அம்மா தேட மாட்டாங்களா?”

“தேடட்டும்.”

சிரித்தபடியே அவளை நடத்திக்கொண்டு போனான். அவள் கால்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். சுரங்கத்தின் முடிவில் வெளிச்சம் தெரியத் தொடங்கியபோது செல்போன் அடித்தது. மனைவி.

“எங்கேங்க இருக்கீங்க? அப்பலேர்ந்து அடிக்கிறேன், லைனே கிடைக்கலை.”

“உள்ளே சிக்னல் இல்லை. இதோ வந்துட்டோம். சிட்டு என்னை என்னன்னு கூப்பிட்டா தெரியுமா?” அவனுக்கு வாயெல்லாம் பல்.

“வந்துட்டோமா? யாரோட? அவ இங்கே என் மடியிலதானே உட்கார்ந்திருக்கா! பென்குயின் ரூம் வாசல்லயே பயந்து, கோட்டோட என்கிட்ட ஓடி வந்துட்டா. வந்ததுலேர்ந்து ஒரே அழுகை. ‘அப்பா இருட்டுல தனியா இருக்காரு, கூட்டிட்டு வாம்மா’ங்கிறா. கேட்டீங்களா? அப்பாவாம்!”

மனைவியின் சிரிப்புக்குப் பின்னால் ஒரு தேம்பல் கேட்டது. சந்தேகமே இல்லை, சிட்டுவின் குரல்தான்.

அவன் கைக்குள் இருந்த கை இறுகியது. விரலை உருவப் பார்த்தான், முடியவில்லை. நீலக் குல்லா மெல்ல அண்ணாந்தது.

“போனை வைங்கப்பா. அவளுக்கு முன்னாடி நான்தானே உங்களை அப்பான்னு கூப்பிட்டேன்?”