பணியாளர் தகுதி விவரம்

மாதுவின் குறிப்புதான் எல்லோருடையதையும்விட நீளம். பதினோரு வரி. "முதுநிலை மழைப்பதிவாளர், இருபத்திரண்டு ஆண்டு அனுபவம், சித்தேரி மலை வானிலையில் தனித்த அறிவு" என்று நிர்மலா மேடமே உட்கார்ந்து எழுதியிருந்தார். மாது படித்தது எட்டாவது.

மற்றவர்களின் குறிப்புகள் ஒரே வாரத்தில் இளைத்துப்போயிருந்தன. வளிமண்டல இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய இளம்பரிதி, போன மாசம் வரை வெப்சைட்டில் பதினாலு வரிக்குப் படர்ந்திருந்தவர், இப்போது "பட்டதாரி" என்பதோடு நின்றுவிட்டார். புள்ளியியல் நிபுணர் சந்திரமோகன், "கம்ப்யூட்டர் ஓரளவு தெரியும்" என்று எழுதிக் கொடுத்தார்.

தருமபுரியில் இருந்த அந்த வானிலைத் தரவு மையத்துக்கு ஒரு விசாரணைக் கடிதம் வந்திருந்தது. சித்தேரி மலையில் கொட்டிய மழை, வெயில் அடித்துக்கொண்டிருந்த அடிவாரத்து ஓடையில் திடீரென்று இறங்கி மூன்று பேரைக் கொண்டுபோயிருந்தது. காலையிலேயே ஏன் எச்சரிக்கை போகவில்லை, குழுவில் யாருக்கு என்ன தகுதி என்று கேட்டிருந்தார்கள். இறந்தவர்களின் பெயர்கள் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. ஆபீஸில் எல்லோரும் முதல் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

அன்று காலை எட்டரைக்கு மாது அளந்து எஸ்.எம்.எஸ். அனுப்பிய மழை 187 மில்லிமீட்டர். அரூரில் 9, தீர்த்தமலையில் 11. பக்கத்து ஊர்களோடு ஒத்துவராத எண்ணைச் சந்தேகப்படுவது இந்த வேலையின் பாலபாடம். மலைக்காரர் புள்ளியை விட்டுவிட்டார் என்று நினைத்து அதை 18.7 ஆக்கியவள் கவிப்பிரியா, ஒப்பந்தப் பணியாளர். இளம்பரிதியும் சந்திரமோகனும் பார்க்காமலே ஓகே கொடுத்தார்கள். நூறைத் தாண்டினால் அடிவாரத்துக்குத் தானாகப் போகிற எச்சரிக்கை போகவில்லை.

எஸ்.எம்.எஸ். எல்லாம் பதினைந்து நாளில் தானாகவே அழிந்துவிடும். மிச்சமிருந்த ஒரே சாட்சி மாதுவின் நோட்டு. அதற்காகத்தான் மாதுவை வரச் சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்த ஆபீஸ் படியேறியது இதுதான் முதல் தடவை.

"வாங்க மாதண்ணா! என்ன மொட்டையெல்லாம் போட்டிருக்கீங்க, தீர்த்தமலைக்கு வேண்டுதலா?" என்றார் இளம்பரிதி.

மாது தலையை ஒருதரம் தடவிக்கொண்டார்.

"உக்காருங்க, டீ சொல்லட்டுமா?" நிர்மலா மேடம் தானே நாற்காலியை இழுத்துப்போட்டார்.

"நிக்கறேனுங்க. ரெண்டரைக்கு மலை பஸ்ஸுங்க."

"சின்ன விஷயந்தாங்க. நோட்டுல நூத்தி எம்பத்தேழுன்னு இருக்குதில்ல, எட்டுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒரு புள்ளி வெச்சிடுங்க. நீங்க சீனியரு. நீங்க சொன்ன கணக்க நாங்க நம்பிட்டோம்னு போயிடும்," என்றார் இளம்பரிதி.

"எட்டு வாட்டி கிளாஸ்ல ஊத்தி ஊத்தி அளந்தேனுங்க சார். அன்னைக்குப் பேஞ்சது அவ்ளோவுங்க."

"யாரு இல்லேன்னா? கம்ப்யூட்டர்ல இருக்கறத நான் பாத்துக்கறேன்," என்றார் கம்ப்யூட்டர் ஓரளவு தெரிந்த சந்திரமோகன்.

"புள்ளி வெக்கலைன்னா என்னாகுங்க?"

நிர்மலா மேடம் மூலை மேஜையைக் கண்ணால் காட்டினார். "மாத்துனது அந்தப் பொண்ணோட ஐடியில இருக்குது. மூணு உயிரு. கேஸுல மொதல்ல உள்ள போறது அவதான். அப்புறந்தான் நாங்க."

மூலை மேஜையில் கவிப்பிரியா இருந்தாள். இரண்டு வார லீவு முடிந்து முந்தாநாள்தான் வந்திருந்தாள். லீவு லெட்டரில் தேதி சரியா என்று மட்டும் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் மட்டும்தான் தன் குறிப்பை மாற்றவில்லை. எம்.எஸ்சி. என்று முன்பு இருந்தது, இப்போதும் இருந்தது.

"வெச்சா எனக்கு என்னாகுங்க?" மாது கேட்டார்.

"உங்களுக்கு என்ன, இந்த வேலை போகும். அளக்கத் தெரியாதவருன்னு ஒரு வரி எழுதுவாங்க," என்றார் நிர்மலா மேடம்.

கவிப்பிரியா எழுந்துவிட்டாள். "வேணாங்க மேடம். நான்தான் மாத்துனேன். எங்க வேணா எழுதித் தர்றேன். அவரு அளந்தது சரி."

"நீங்க சும்மா இருங்க மேடம்," என்றார் மாது, அவளைப் பார்க்காமலே. "பேனா இருந்தா குடுங்க."

அவள் கொடுக்கவில்லை. மற்ற மேஜைகளிலிருந்து ஒரே சமயத்தில் மூன்று பேனாக்கள் நீண்டன.

மாது பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாக எண்கள், எங்கும் அடித்தல் திருத்தல் இல்லை. அந்தத் தேதிக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புள்ளி வைத்தார். அழுத்தி வைத்ததில் அடுத்த பக்கத்திலும் பதிந்தது.

"ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு," என்றார் இளம்பரிதி, நோட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியபடி.

மாது படியிறங்கினார். கவிப்பிரியா பின்னாலேயே ஓடினாள். கடைசிப் படியில் அவர் காலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாது குனிந்து அவளைத் தூக்கி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"அழுவாத கண்ணு. உங்கம்மாவத்தான் தண்ணி கொண்டுபோயிடுச்சு, அப்பனுக்கு நீயாச்சும் மிஞ்சணுமில்ல."