பஞ்சுவுக்கு எழுதிய மருந்து

“ஒண்ணுக்குப் போறப்ப இன்னும் கத்துதா?” என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

“கத்துது டாக்டர்,” என்றாள் விற்பனைப் பெண். “முன்னைக்கு இப்ப கொஞ்சம் குறைச்சல். ஆனா கத்துது.”

மேசைமேல் விரித்த துண்டில் பஞ்சு உட்கார்ந்திருந்தது. இரண்டு கைகளுக்குள் அடங்கிவிடும் வெள்ளைக் கினிப்பன்றி. துணிக்கடையில், முதலாளியம்மாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் அதன் கூண்டு. அதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். பிள்ளைகளை இழுத்துப் போகத் தாய்மார்கள் வருவார்கள். வந்தவர்கள் ஒரு தலையணை உறையாவது வாங்காமல் வெளியேறுவதில்லை. அதனால் பஞ்சு கடைக்கு ராசியாகிவிட்டது.

கூண்டுத் துணியில் சிவப்புக் கறையை முதலில் கண்டவள் இந்த விற்பனைப் பெண்தான். கேரட் தின்ற சாயம் என்று முதலாளியம்மா தள்ளிவிட்டார். இவள் விடவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு உட்காருகிறது, அடிக்கடி போகிறது, போவதும் சொட்டுச் சொட்டாகத்தான், முடிக்கும்போது கீச்சென்று கத்துகிறது, பின்பக்க முடி காய்வதே இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல்முறை வந்தபோது அதைக் கேட்டு மருத்துவரே அசந்துபோனார். இந்தப் பிராணிக்குச் சிவப்பாகப் போவதெல்லாம் ரத்தம் ஆகிவிடாது, ஆனால் மற்ற அடையாளங்களும் சேர்ந்தால் சும்மா இருக்கக் கூடாது என்றார். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். கல் இல்லை, சிறுநீர்த் தொற்றுதான். ஊசி இல்லாத சிரிஞ்சில், வாயோரமாகக் கொடுக்கும்படி மருந்து எழுதித் தந்தார்.

கொடுக்கும் பொறுப்பு விற்பனைப் பெண்ணின் தலையில் விழுந்தது. பஞ்சுவுக்கு ஏதாவது ஆனால் அப்புறம் கடைப்படி ஏற வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

முதல் குப்பி பாதியிலேயே கைதவறிக் கொட்டிவிட்டது என்று வந்து நின்றாள். முதலாளியம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது குப்பியும் தீர்ந்தது. பஞ்சு இன்னும் தேறவில்லை, மருந்து போதவில்லை என்றாள். அதனால்தான் இன்றைக்கு முதலாளியம்மாவும் அவளும் மறுபடியும் வந்திருக்கிறார்கள்.

“இவ புள்ளைக்குக் காய்ச்சல்னு கேட்டப்பகூட நான் லீவு குடுத்ததில்ல டாக்டர்,” என்றார் முதலாளியம்மா. “பஞ்சுவுக்காகக் கடையில ஒரு ஆள் குறைஞ்சாலும் பரவால்லன்னு கூட்டிட்டு வந்திருக்கேன்.” சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. “வாயில்லா ஜீவன். எங்க வலிக்குதுன்னு சொல்லவா முடியும் அதால?”

“அடிவயித்துலதாம்மா வலி,” என்றாள் விற்பனைப் பெண், தலை நிமிராமல். “வலியைக்கூடப் பொறுத்துக்கலாம். எரிச்சல்தான் தாங்க முடியறதில்ல. இப்ப முதுகுலயும் இந்தப் பக்கமா புடிக்குது. குளிரு வேற.”

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கேட்டீங்களா டாக்டர்? ராத்திரி இவ காதுல வந்து சொல்லிட்டுப் போச்சாம்.”

மருத்துவர் பஞ்சுவின் வயிற்றை விரல் நுனியால் மெல்ல அமுக்கிக்கொண்டிருந்தார். பஞ்சு மூக்கை ஆட்டியபடி துண்டின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. கீரையைக் குறைத்துக் காய்ந்த புல்லை அதிகமாகக் கொடுக்க வேண்டும், அடித்துணியைத் தினமும் மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

“எல்லாத்துக்கும் மேல தண்ணி. தண்ணி குடிக்காம இருந்தாலும், வர்றதை அடக்கி வச்சாலும் இந்தத் தொந்தரவு திரும்பத் திரும்ப வரும்.”

“அடக்குறதுக்கு அங்க யார் காவல்? நெனச்ச நேரம், நெனச்ச இடம், மகாராணி மாதிரி போகுது,” என்றார் முதலாளியம்மா. “எங்க கடைப் பொண்ணுங்களைச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். விட்டா நாள் முழுக்க அங்கயேதான் நிப்பாளுங்க. கக்கூஸ் சாவி என் கையில இருக்கப்போய்த்தான் துணி அளக்க ஆள் இருக்கு.” பிறகு விற்பனைப் பெண்ணின் பக்கம் திரும்பினார். “கூண்டுல தண்ணிக் குழாய் காலியாத்தான் கெடந்திருக்கும். உனக்கு நாக்கு வறண்டாத் தெரியும், தாகம்னா என்னன்னு.”

“ரொப்பித்தாம்மா வைக்கிறேன்,” என்றாள் அவள்.

மருத்துவர் பஞ்சுவின் சிறுநீரில் ஒரு சோதனைத்தாளை நனைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொரு தாளை எடுத்து மறுபடியும் நனைத்தார்.

முதலாளியம்மாவின் கைபேசி ஒலித்தது. கடையில் கூட்டமாம். பேசிக்கொண்டே வாசலுக்கு நடந்தவர், கதவருகில் நின்று திரும்பினார். எவ்வளவு வீரியமான மருந்தாக இருந்தாலும் எழுதும்படியும், பஞ்சு பிழைத்தாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

மருத்துவர் பஞ்சுவைத் தூக்கி விற்பனைப் பெண்ணின் கையில் வைத்தார்.

“இதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. எப்பவோ குணமாயிடுச்சு.”

அவள் பஞ்சுவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“நான் எழுதினது ஒரு கிலோ உடம்புக்கு,” என்றார் மருத்துவர், இன்னும் மெல்ல. “அது உனக்கு எப்படிப் பத்தும்?”

“இதோட பங்குல நான் கை வைக்கல டாக்டர்,” என்றாள். பிறகு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “முதலாளியம்மா வீட்டுல ஒரு பெரிய நாயும் இருக்கு.”