கீழ்வரிசை ஜன்னல்கள்

ஆள் நீளப் பிளாஸ்டிக் போர்க்கப்பல் மாதிரியின் கீழ்வரிசையில் முப்பத்தாறு வட்ட ஜன்னல்கள் இருந்தன. "தப்பு," என்றார் சவரிராயன். அசல் கப்பல் சண்டைக்குப் போகுமுன் அந்த வரிசையை இரும்புத் தகடு வைத்து அடைத்த வெல்டர் அவர்தான். ஒவ்வொரு துளையாகப் பட்டிப் பசை வைத்து அடைத்து, துளை இருந்த இடம் தெரியாமல் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே வந்தார்.

கடைசித் துளையில் மனைவி மிக்கேலம்மாள் அவர் கையைப் பிடித்தாள். அவள் தம்பி தொபியாஸ் அந்தக் கப்பலோடு மூழ்கியவன். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"இந்த ஒண்ணையாவது விட்ருங்களேன்."

"உள்ளத உள்ளபடிதான செய்யணும்," என்று அதையும் அடைத்தார்.

மறுநாள் காலையில் அது மட்டும் திறந்திருந்தது. மறுபடி அடைத்தார். அதற்கடுத்த நாளும் திறந்திருந்தது.

மதியம் சோறு போட்ட அவள் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் பட்டி அப்பியிருந்தது.

அன்று அசல் கப்பலில் அவர் வைத்த கடைசித் தகட்டை உள்ளேயிருந்து தட்டிப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கு மச்சான்," என்று குரல் கொடுத்தவன் தொபியாஸ். அதை அவளிடம் அவர் சொன்னதே இல்லை.

சாப்பிட்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து அந்தத் துளையை மறுபடி அடைத்தார். இந்த முறை, நகம் பட்டாலே பெயர்ந்துவிடும்படி மெல்லிசாக.